நூறாவது முழுக்கு

ஒரு காரியத்தை அறவே கைவிட்டவனைக் குறித்து, "அவன் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டான்" என்று சொல்லுவது நம்மவர் வழக்கம். ஆனால், முழுக்குப் போடுவதையே விடாது கைக்கொண்ட மனிதரும் உலகில் உளர். முதுகிலே காற்று அடைத்த சிலிண்டரைச் சுமந்து, முகத்திலே கண்ணாடி மூடியை அணிந்து, கால்களில் தாராவின் பாதம் போன்ற இறப்பர்த் துடுப்புகளை மாட்டிக்கொண்டு, கடலின் அடித்தளத்தைக் கண்டுவரப் புறப்படும் சுழியோடிகளையே குறிப்பிடுகின்றோம். இவர்கள் முத்துக்காக இறங்குபவரல்லர், சங்குக்காக இறங்குபவருமல்லர். வயிற்றுக்காகவன்றி, கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் மூழ்குபவர்.

இத்தகைய சுழியோடியிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். இறங்கிய நாள், இடம், சென்ற ஆழம், நீரினுள் நின்ற நேரம், கரையேறியபோது சிலிண்டரில் எஞ்சியிருந்த காற்று, உடன் வந்த துணைவர் ஆகிய யாவும் அதில் ஒழுங்காகப் பதியப்படும். பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று எண்ணிக்கை வளரும். நூறாவது முழுக்கு வந்துவிட்டாலோ, நண்பர் கூடிக் கொண்டாடுவர். உலகத்தார் கண்ணுக்கு அது சாதனையன்று. பத்திரிகையில் அச்சேறும் செய்தியுமன்று. ஆயினும், "நூறு தடவை ஆழத்துக்குச் சென்றேன்; நூறு தடவையும் நலமாக மீண்டேன்" என்று ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் வார்த்தையில் ஒரு பெருமிதம் உண்டு. போனதைக் காட்டிலும் மீண்டதே பெரிது என்பதுதான் அந்தக் குறிப்பேட்டின் உட்பொருள்.

இந்தச் சிறிய குறிப்பேட்டுக்கும், முல்லைத்தீவு முதல் கொக்கிளாய் வரையும், மேற்கே பூநகரி, நாச்சிக்குடா வரையும் விரிந்து கிடக்கும் நம் வன்னிக் கடற்கரை வீடுகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். பெருந்தொடர்பு உண்டு. அதனைச் சொல்லுமுன், இத்தீவின் கடலடியை உலகுக்குக் காட்டிய இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விண்ணை நினைத்துக் கடலில் இறங்கியவர்

ஆதர் சி. கிளார்க் என்னும் பெயரை அறியாத விஞ்ஞான மாணவர் இரார். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். பூமியின் சுழற்சிக்கு இசையச் சுற்றும் செய்மதிகளினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர். விண்வெளியிற் பாரமின்றி மிதப்பது எப்படியிருக்கும் என்னும் வேட்கை அவரை ஆட்கொண்டிருந்தது. மனிதன் விண்ணுக்குச் செல்லாத காலம் அது. பாரமின்மையைப் பூமியிலேயே உணர்வதற்கு ஒரே வழி நீரினுள் மிதப்பதுதான் என்று கண்டு, அவர் சுழியோடக் கற்றார். விண்ணை எண்ணிக் கடலில் இறங்கிய விந்தையான மனிதர் அவர்.

1954ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியப் பவளப் பார்களை நோக்கிச் செல்லும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் தங்கியது. அங்கே இலங்கையின் புகழ்பெற்ற சுழியோடியான ரொட்னி ஜொங்கிளாசைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1956ஆம் ஆண்டு தம் நண்பர் மைக் வில்சனுடன் இத்தீவுக்கு வந்தவர், 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆந் திகதி மறையும்வரை இதனையே தம் இல்லமாகக் கொண்டார்.

வந்த ஆண்டிலேயே திருகோணமலையில் ஓர் அரிய காட்சி அவர்களுக்குக் கிடைத்தது. திருஞானசம்பந்தப் பெருமானாற் பாடப்பெற்ற கோணேசர் ஆலயம், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதை யாவரும் அறிவர். இடித்த கற்களிற் பல கோட்டை கட்ட உதவின. பல மலையுச்சியிலிருந்து கடலில் விழுந்தன. அந்தக் கதையை மூதாதையர் சொல்லக் கேட்டிருந்தோம். கண்ணாற் கண்டவர் எவருமிலர். சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலில் இறங்கிய மைக் வில்சன், சிற்பியின் உளிபட்ட கற்களும் தூண்களும் பாசி படர்ந்து, மீன்கள் ஊடாட, கடற்படுகையிற் கிடப்பதைக் கண்டார். கிளார்க்கும் இறங்கிக் கண்டார். 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'தப்ரபேனின் பவளப் பார்கள்' என்று பொருள்படும் ஆங்கில நூலில் அவர் இதனை விரிவாக எழுதினார். முந்நூறு ஆண்டுக்கு மேலாக நம் நெஞ்சில் மட்டும் நின்ற செய்திக்குக் கடலடியிலிருந்து சான்று கிடைத்தது. 1963ஆம் ஆண்டு, புதிதாகக் கட்டப்பட்ட கோணேசர் ஆலயத்துக்குக் குடமுழுக்கும் நடைபெற்றது.

வில்சனின் வாழ்க்கையோ பின்னரும் திருப்பங்கள் நிறைந்தது. 1961ஆம் ஆண்டு, தென்கிழக்குக் கரைக்கு அப்பால், இராவணன் கோட்டை என்று மக்கள் வழங்கும் பாறைத் தொடரருகே, அமெரிக்கச் சிறுவர் இருவருடன் மூழ்கியபோது, அவர் பழைய கப்பலொன்றின் சிதைவைக் கண்டுபிடித்தார். மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள், 1702ஆம் ஆண்டளவில் சூரத்து நகரில் அச்சிடப்பட்டவை, கட்டி கட்டியாக அங்கே இறுகிக் கிடந்தன. அவற்றைப் பொதிந்த சாக்கு மக்கிப் போயிற்று; சாக்கின் வடிவம் மட்டும் நாணயக் கட்டிகளில் மாறாதிருந்தது! அடுத்த ஆண்டே அவர் இயக்கிய 'ரன் முத்து தூவ' என்னும் வண்ணச் சிங்களத் திரைப்படம், நீரடிக் காட்சிகளை நாட்டு மக்களின் கண்முன் கொண்டுவந்தது. இவ்வளவும் செய்த அந்த மனிதர் பின்னாளில் துறவு பூண்டு, சுவாமி சிவ கல்கி என்னும் நாமத்துடன் இத்தீவிலேயே வாழ்ந்து, 1995ஆம் ஆண்டு மறைந்தார். கடலில் முத்தெடுக்கச் சென்றவர் முத்தியை நாடியவரானார் என்று சொல்லலாம்.

நடக்க இயலாதவர் மிதந்தார்

சுழியோடிகளுக்கு உரிய எல்லைக் கற்கள் பல. முதன்முதலாக 18 மீற்றர் ஆழத்தைத் தொட்ட நாள், இரவில் விளக்குடன் இறங்கிய நாள், மூழ்கிய கப்பலொன்றைக் கையால் தொட்ட நாள் என்று அவை அமையும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களாற் குண்டு வீசப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை 40 மீற்றர். ஆதலால், அதற்கென விசேட பயிற்சி பெற்றே அங்கு இறங்குவர். தூர தேசத்தவர் பலர் அதனைத் தம் வாழ்நாட் கனவாகக் கொண்டு வருகின்றனர்.

ஆயினும், கிளார்க் கடந்த எல்லைக் கல் இவை எல்லாவற்றிலும் வேறானது. 1962ஆம் ஆண்டு அவரை வாதநோய் வீழ்த்தியது. சில காலம் கைகால்கள் அசையாது கிடந்தார். பிற்காலத்தில் அந்நோயின் பின்விளைவு மீண்டும் தலைதூக்க, அவர் சக்கர நாற்காலியை நாட வேண்டியதாயிற்று. இத்தகைய ஒருவர் கடலைத் துறந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ துறக்கவில்லை. நிலத்தில் நடப்பதற்குத் தசை வேண்டும். நீரினுள் மிதப்பதற்குப் பயிற்சியும் நிதானமுமே முதலில் வேண்டும். நோய்க்குப் பின்னரும் பல ஆண்டுகள் அவர் கடலில் இறங்கினார். நிலத்தில் தம்மை அழுத்திய உடற்பாரம் கடலிலே இல்லாதொழிந்ததை உணர்ந்தார். விண்வெளியின் பாரமின்மையை அறிய வேண்டிக் கற்ற வித்தை, பிணியின் பாரத்தை மறக்கவும் உதவியது. நூறாவது முழுக்காயினும் ஆகுக, ஆயிரமாவது முழுக்காயினும் ஆகுக. விழுந்தபின் மீண்டும் இறங்கும் முதல் முழுக்குக்கு அவை ஈடாகா.

நீரடியின் நியாயம்

கடலுக்கென்று ஒரு நியாயம் உண்டு. அது எவருக்கும் இரங்காது. மாணவர் இதனைக் கணக்காகவே அறிந்து கொள்ளலாம்.

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் உள்ளது. நீரில் 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகும். 20 மீற்றரில் மூன்று. 30 மீற்றரில் நான்கு. பொயிலின் விதிப்படி, அமுக்கம் இரண்டு மடங்கானால் வாயுவின் கனவளவு பாதியாகும். 12 லீற்றர் கொள்ளும் சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்தில் காற்று அடைத்தால், அது 2,400 லீற்றர் காற்றுக்குச் சமம். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு நீர்மட்டத்தில் அது 120 நிமிடங்களுக்குப் போதும். அதே சிலிண்டர் 10 மீற்றரில் 60 நிமிடங்களுக்கும், 20 மீற்றரில் 40 நிமிடங்களுக்கும், 30 மீற்றரில் 30 நிமிடங்களுக்குமே வரும். கையிருப்பாக ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டுமாதலால், உண்மையில் இன்னும் குறைவு. ஆழம் கூடக் கூட ஆயுள் குறையும் விளக்கு அது.

மேலேறும்போது ஆபத்து வேறு வடிவில் வரும். 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சு நிறையச் சுவாசித்தவன் மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிந்து அதனைக் கிழித்துவிடும். ஆகவே, சிலிண்டருடன் இறங்குபவன் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது என்பது முதலாவது பாடம்.

இரண்டாவது ஆபத்து நைதரசனால் வருவது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல மெல்ல மேலேறினால் அது சுவாசத்துடன் வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, சோடாப் போத்தலின் மூடியைத் திடீரெனத் திறந்ததும் பொங்கும் குமிழிகளைப் போல், உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுக்குச் சென்றால் தாங்கவொண்ணா நோவு. முள்ளந்தண்டுக்குச் சென்றால் கால்கள் வழங்கா. மூளைக்குச் சென்றால் உயிருக்கே இறுதி.

இதனை மனிதன் அறிந்தது பலர் அங்கவீனராகிய பின்னரே. நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அத்திவாரமிட்ட தொழிலாளர், நீருக்கடியில் அமுக்கிய காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்து வெளியேறியபோது இந்நோய்க்கு ஆளாயினர். தலைமைப் பொறியியலாளர் வாஷிங்ரன் ரோப்ளிங்கும் 1872ஆம் ஆண்டு இதனால் முடங்கினார். அவருடைய மனைவி எமிலியே கணவரின் கட்டளைகளைத் தொழிற்களத்துக்குக் கொண்டுசென்று, 1883ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை துணைநின்றார். பின்னர், ஹோல்டேன் என்னும் அறிஞர் ஆடுகளைக் கொண்டு பரிசோதனை செய்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றால் எப்படி மேலேற வேண்டும் என்பதற்கு 1908ஆம் ஆண்டு அட்டவணை வகுத்தார். 1943ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கூஸ்ரோவும் கக்னானும் ஆக்கிய சுவாசக் கருவி, கடலடியைச் சாதாரண மனிதருக்கும் திறந்துவிட்டது. இன்று பொழுதுபோக்காகச் சுழியோடுபவர் எவரும், மேலேறும் வழியில் 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து நிற்பதைக் கடமையாகக் கொள்வர். கடலை வணங்கி விடைபெறும் மூன்று நிமிடம் அது.

நம் கரையின் கதை

ஆழத்தை நமக்கு அந்நியர் கற்பித்தாரென்று எண்ண வேண்டா. வன்னியின் மேற்குத் திசையில், அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் நடைபெற்ற முத்துக் குளிப்பு, மார்க்கோ போலோ எழுதி வைக்கும் அளவுக்குப் புகழ் வாய்ந்திருந்தது. அக்காலத்துக் குளியாளிக்குச் சிலிண்டரில்லை, கண்ணாடியுமில்லை. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, நெஞ்சில் ஒரு மூச்சு; இவையே அவன் கருவிகள். வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்லுவர். சகோதரியின் தாலி தன் கையிலுள்ள கயிற்றில் தொங்குகின்றது என்பதை அறிந்தவன் கண் அயர்வானோ? 'துணையின்றி இறங்காதே' என்று இன்றைய சுழியோடிப் பள்ளிகள் கற்பிக்கும் விதியை, நம் முன்னோர் உறவு முறையிலே முடிந்து வைத்தனர்.

இன்று அந்தக் கயிறு போய்விட்டது, சிலிண்டர் வந்திருக்கின்றது. கடலட்டைக்கும் சங்குக்கும் வடக்கிலும் கிழக்கிலும் பலர் சிலிண்டருடன் இறங்குகின்றனர். கடலட்டையை நம்மவர் உண்பதில்லை. அவித்து உலர்த்தி, கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்புகின்றனர். அதற்குக் கிடைக்கும் விலை பெரிது. கரையோரத்தில் அட்டை அருக அருக, ஆழத்தை நாட வேண்டியதாகின்றது. ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் மறு சிலிண்டர். அது தீர்ந்ததும் வேறொன்று. எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்னும் கணக்கு எழுதப்படுவதில்லை. கரையில் நிறுக்கப்படுவது அட்டை மட்டுமே. குருதியில் கரைந்த நைதரசனை நிறுப்பார் யார்?

பொழுதுபோக்காக இறங்குபவன் நூறு முழுக்கையும் எண்ணி வைத்திருக்கின்றான். பிழைப்புக்காக இறங்குபவனோ நூறு முழுக்கைச் சில கிழமைகளிலேயே கடந்துவிடுகின்றான், எண்ணுவதில்லை. ஆழம் இருவருக்கும் ஒன்றே; அமுக்கமும் ஒன்றே. இன்பத்துக்காக மூழ்குபவனுக்கு உள்ள காவல், அடுப்பெரிய மூழ்குபவனுக்கு இல்லாதிருப்பது நீதியாகுமா? "ஆழம் அறியாமற் காலை விடாதே" என்பது முதுமொழி. நம் இளைஞர் ஆழத்தை அறியாதவரல்லர். ஆழத்தின் கணக்கை அறியாதவர். அதனைக் கற்பிக்காதது கற்றோர் குறையேயாகும்.

முல்லைத்தீவுக் கரைக்கு இன்னொரு துயரமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப் பேரலை இக்கரையை அழித்தது. அந்தக் காயம் ஆறுமுன், 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாள்கள் இதே மணலிற் கழிந்தன. கடலிலும் கரையிலும் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பத் தாய்மார் அஞ்சுவது இயல்பே. ஆனால், அச்சம் நீந்தக் கற்பிக்காது. கடலை நோக்கி வாயில் வைத்த வீட்டிலே பிறந்த பிள்ளை நீந்த அறியாது வளர்வது, அதனைக் காப்பதாகாது. பின்னொரு நாளின் ஆபத்துக்கு ஒப்படைப்பதாகும். 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971ஆம் ஆண்டு போகவும் வரவும் நீந்திய குமார் ஆனந்தனும் இதே வடகடலின் புதல்வர்கள் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களுக்குக் காத்திராது, இன்றே செய்யக்கூடியவை சில உள. வாடைக்காற்றின் சீற்றம் அடங்கி, சோளகம் வீசும் மாதங்களிற் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். கரையோரப் பாடசாலைகள் அக்காலத்தில், தேர்ந்தவர் துணையுடன், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கலாம். பொயிலின் விதியைக் கரும்பலகையில் எழுதும் விஞ்ஞான ஆசிரியர், சுழியோடியின் சிலிண்டரை உதாரணமாகக் காட்டலாம். தந்தையோ தமையனோ கடலில் இறங்கும் வீட்டுப் பிள்ளை அந்தப் பாடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்.

குடும்பத்தவரும் நோயின் குறிகளை அறிந்திருத்தல் வேண்டும். கடலிலிருந்து வந்தவர் மூட்டு நோகின்றதென்றாலும், கைகால் விறைக்கின்றதென்றாலும், சிறுநீர் கழிக்க முடியவில்லையென்றாலும், அதனைக் களைப்பென்றோ வாதமென்றோ தள்ளிவிடலாகாது. எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதும் தகாது. மறுபடி ஆழத்துக்கு இறங்கினால் நோவு தணியும் என்று இறங்குவோர் உளர். குமிழி சுருங்குவதால் வலி அப்போதைக்கு அடங்குவது மெய்யே. மேலேறும்போது அது முன்னிலும் கொடிதாகத் திரும்பக்கூடும். நோயாளியைப் படுக்க வைத்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, "இவர் சிலிண்டருடன் சுழியோடியவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தூய ஒட்சிசனும், அதன்பின் அமுக்க அறைச் சிகிச்சையும் விரைவாகக் கிடைத்தால், வழங்காத கால்கள் மீண்டும் வழங்க இடமுண்டு. பிந்தும் ஒவ்வொரு மணியும் அந்த நம்பிக்கையைக் குறைக்கும்.

யாவற்றிலும் எளியது ஒன்றுண்டு. நம் வீடுகளில் பால் கணக்கு எழுத ஒரு கொப்பி இருக்கின்றது. கடைக் கணக்குக்கு ஒரு கொப்பி இருக்கின்றது. கடலில் இறங்குபவருக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும். இன்று எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை தடவை, மேலேற எவ்வளவு நேரம் எடுத்தார் என்று, அவர் களைத்து வந்து குந்தியதும் மனைவியோ மகளோ கேட்டு எழுதட்டும். கேட்பார் ஒருவர் உண்டென்றால், ஆழத்தில் நிற்பவன் அவசரப்படமாட்டான். மைத்துனன் கையிலிருந்து நழுவிய கயிற்றை அந்தக் கொப்பியின் மூலம் நாம் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம்.